பொலிஸ் சுவரில் மச்சான்

வெள்ளைக்கல் தோட்டம், மேல் டிவிஷன்,
அப்புத்தளை.
12.01.2025

ஜெயரூபனுக்கு,

உன் அக்கா தவமலர் எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. பொலிஸ்காரன் வாங்கிக் கொடுக்கிற பிளேன்டியைக் குடித்துக்கொண்டு சாரத்தில் ஏறி நிற்கிறவன் நலமாகத்தான் இருப்பான்.

பக்கத்துக் காம்பரா பெரியாயி, பசு வளர்க்கிறவள், நேற்று பண்டாரவளைக்குப் போய் வந்தாள். பஸ் சந்தியில் நின்றபோது ஜன்னலால் பார்த்தாளாம். "ஒன் தம்பி பொலிஸ் செவுத்துல ஏறி நின்னு படம் போடுது. பெரிய பொலிஸு, ஓஐசி, கீழ நின்னு கையக் காட்டிக் காட்டிப் பேசுறாரு" என்றாள். வேறு யாராவது இருக்கும் என்றேன். "அந்தப் பச்சச் சட்டையும் வழுக்கத் தலையும் எனக்குத் தெரியாதாக்கும்? நாலு வருசமா அதே சட்டதானே" என்று திருப்பிக் கேட்டாள்.

நீ போன் எடுத்து எடுத்துப் பார்த்திருப்பாய். மகள் விதுஷாவிடம் சொல்லி உன் நம்பரை மறித்து வைத்திருக்கிறேன். வாயால் பேசினால் வசைதான் வரும். எழுதினால் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தித் திட்டலாம்.

அது எந்த ஸ்டேஷன் என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், பெயின்ட் வாசத்தில் மறந்திருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால், உரம் தங்கமாக இருந்த காலத்தில், தோட்டத்து ஸ்டோரில் ஒரு உர மூட்டையைக் காணவில்லை என்று என் புருஷன் நல்லையாவை அங்கேதான் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். இரண்டு நாளும் நான் சோத்துப் பார்சலோடு கேட்டுக்கு வெளியே நின்றேன். சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு. கேட்டில் நின்றவன் "எளியே இன்ன" என்றான். வெளியில் நில் என்கிற அந்த இரண்டு சிங்களச் சொல்லுக்கு மேல் எனக்காக அவன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. நாய் வந்தால்கூட அதன் முகத்தைப் பார்த்துத்தான் துரத்துவார்கள்.

அப்புறம் மூட்டை கிடைத்தது. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் படங்கு போட்டு மூடியிருந்தது. மூடியது யாரென்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், கேட்கத்தான் ஆளில்லை. அவரை வெளியே விட்டார்கள். "சரி, போ" என்றார்களாம். நீ எடுக்கவில்லை என்று ஒருவனும் சொல்லவில்லை. அவர் கேட்டைக் கடந்து, என்னையும் கடந்து நடந்தார். லயத்து வரிசை வீட்டுக்கு வந்து சேரும் வரை திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆறிப்போன சோத்தைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வந்தேன்.

காலையில் எல்லோரும் கூடி நின்று வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு அதன்பின் அவர் போகவில்லை. நாலு பேர் முகத்தில் முழிக்க வெட்கம். சோறு வைத்தால் வேண்டாம் என்பார். வேண்டாம் வேண்டாம் என்றே அந்த மழைக்காலத்துக்குள் முடிந்துபோனார்.

இப்போது அந்த ஸ்டேஷனுக்குக் கண்ணாடிக் கதவு, டைல்ஸ் தரை, பூந்தொட்டி, மூன்று மொழியில் பலகை. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று சும்மாவா சொன்னார்கள்? குளித்த நாய்க்குப் பொட்டு வைக்க என் தம்பி போயிருக்கிறான்.

சாரத்தை விட்டு இறங்கு. இறங்கினால் வீட்டுக்கு வா. இறங்காவிட்டால் உன் மச்சான் படத்துக்கு முன்னால் வந்து விபூதி பூசிக்கொண்டு நிற்காதே.

தவமலர்



பதுளை.
20.01.2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தை என் நண்பன் ஷிபானின் கடையில் வைத்துப் படித்தேன். வாகனங்களுக்கு நம்பர் தகடு எழுதுகிறானே, அவன்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு யாராவது மௌத்தா, சாவுச் செய்தியா என்று கேட்டான். இல்லை, அக்கா கடிதம் போட்டிருக்கிறாள் என்றேன். "அப்ப அதவிட மோசம்" என்றான்.

திட்டு. உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நான் அவர்களுக்குக் குடை பிடிக்கிறேன் என்று மட்டும் நினைக்காதே. அந்தக் கூட்டத்தை உன்னைவிட நான் கேவலமாக நினைக்கிறேன், ஏனென்றால் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

படத்துக்கென்று ஒரு குழு. ஓஐசி இருக்கிறார், மாகாணத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர் வருவார், கொழும்பிலிருந்து ஒரு கலை ஆலோசகர். ஆலோசகருக்குக் கழுத்தில் பாசிமணி, கால்சட்டை முழுக்கப் பொக்கட். தேயிலைச் செடியைக் காட்டி இது எத்தனை மாதத்தில் காய்க்கும் என்று கேட்டார். நான் ஆறு மாதம் என்றேன். எழுதிக்கொண்டார்.

தலைப்பு 'மக்களின் தோழன்'. மழையில் ஒருத்தி கொழுந்தெடுக்கிறாள். பொலிஸ்காரி ஒருத்தி அவளுக்குக் குடை பிடிக்கிறாள். "எந்த மலையில சேர் இது நடந்துச்சி?" என்று கேட்டேன். நடந்ததை வரைய போட்டோ போதும், நடக்க வேண்டியதை வரையத்தான் கலைஞன் என்றார் ஆலோசகர். சரி, நடக்க வேண்டியதென்றால் அவளை மழையில் வேலைக்கு அனுப்பாமல் வீட்டில் விடலாமே என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அப்புறம் புறா பறக்கிறது. அது வலப்பக்கம் பறப்பதா இடப்பக்கம் பறப்பதா என்று ஒரு நாள் முழுக்கக் கூட்டம், இடையில் புரியாணி.

சுவரில் மூன்று சமூகமும் வேண்டுமாம். சிங்களவர் கையில் நெற்கதிர், முஸ்லிம் கையில் தராசு, தமிழன் கையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி. "எங்கட ஆள்ட கையில தராசு என்னத்துக்கு? நாங்க பொலிஸுக்குப் போறதும் யாவாரத்துக்கா?" என்று ஷிபான் கேட்டான். அதையும் நான் குழுவிடம் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நான் கோழைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அக்கா, இத்தனை வருஷம் நான் கோயில் கோபுரத்துப் பூதங்களுக்கும் பேக்கரி பலகைக்கும் பெயின்ட் அடித்தவன். ரோட்டோரமாக இவ்வளவு பெரிய சுவர், கீழே என் பேர். தோட்டத்து லயத்தில் பிறந்த எவனுக்கு இது கிடைத்தது? நான் மாட்டேன் என்றால் வேறொருவன் வந்து இதே குடையை இன்னும் அசிங்கமாக வரைந்துவிட்டுப் போவான்.

அதுவும் தவிர, அந்தச் சுவரில் ஒரு காரியம் செய்திருக்கிறேன். குழுவில் ஒருவருக்கும் புரியாது. உனக்கு மட்டும்தான் புரியும். ஒரு தடவை வந்து பார். பார்த்துவிட்டு அப்புறம் திட்டு.

தம்பி,
ஜெயரூபன்



வெள்ளைக்கல் தோட்டம்.
02.02.2025

ஜெயரூபனுக்கு,

வந்து பார்த்தேன்.

உனக்குச் சொல்லாமல்தான் வந்தேன். சந்தியில் பழக்கடைக்கு முன்னால் நின்று, ஆரஞ்சுப் பழம் பொறுக்குகிற மாதிரி நின்று பார்த்தேன். கவ்வாத்துக் கத்தியோடு நிற்கிறாரே, அந்த ஆள். இடது காது கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கிறது. மேல்பொத்தானைப் போடவில்லை. மீசையின் ஒரு பக்கம் மட்டும் நரை. கடைக்காரி என் கையிலிருந்த பழத்தை வாங்கி வைத்துவிட்டு, "ஏன்மா நசுக்குற?" என்று கேட்டாள்.

அடப்பாவி, அது உன் மச்சான்.

அவர் தோளில் ஒரு பொலிஸ்காரன் கை போட்டிருக்கிறான். பல் தெரியச் சிரிக்கிறான். அந்தக் கை எங்கெங்கே பட்டது என்று அவர் முதுகைப் பார்த்து மருந்து போட்டவள் நான். நீ அதைத் தூக்கித் தோளில் வைத்து, மோதிரம் போட்டு, நகத்துக்கு வெளிச்சம் வேறு கொடுத்திருக்கிறாய். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். உன் படத்தில் ஆடும் சேர்ந்து ஓநாயைத் தேற்றுகிறது.

உனக்கு வேறு முகமே கிடைக்கவில்லையா? இந்தத் தோட்டத்தில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பொலிஸ் பின்னால் திரிகிற மூஞ்சிகள் எத்தனை இருக்கின்றன. மூட்டையைப் படங்கு போட்டு மூடினானே, அந்த ஸ்டோர் கிளாக்கரை வரைந்திருக்கலாம். கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

ஒன்று மட்டும் பார்த்தேன், அதனால்தான் எழுதுகிறேன். யாருக்கும் நீ இன்னும் கண் வைக்கவில்லை. அத்தனை பேரும் வெள்ளை முழியோடு நிற்கிறார்கள். கோயில் வேலைப் பழக்கம் உன்னை விட்டுப் போகவில்லை, சந்தோஷம். நம் மாரியம்மனுக்கு நீ கண் திறந்த அன்றைக்கு நானும் இருந்தேனே. விரதம் இருந்து, குளித்து, ஈரத் துணியோடு உட்கார்ந்தாய். பெரியாயியின் பசுவையும் கன்றையும் கொண்டுவந்து நேரே நிறுத்தினார்கள். முதலில் நல்லதைத்தான் பார்க்க வேண்டும் என்று கண்ணாடி பிடித்தார்கள். சின்னப் பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொன்னாய். "கண்ணத் தொறக்கிற வரைக்கும் இது கல்லு. தொறந்திட்டா ஆத்தா இங்கயே இருப்பா. எங்கயும் போக மாட்டா" என்று நீதான் சொன்னாய். மற்றவர்கள் சொன்னால் கதை. நீ சொன்னதால் நான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

அவருக்குக் கண் திறந்தால் அவர் அங்கேயே நின்றுவிடுவார். அந்தக் கேட்டுக்குள், அந்தக் கைக்குக் கீழே, மழையிலும் வெயிலிலும். உயிரோடு இரண்டு நாள் நின்றது போதாதென்று, செத்த பிறகு அவரைக் காவலுக்கு நிறுத்தப் போகிறாயா?

கண் வைக்கிறதுக்கு முன்னால் அந்த முகத்தை அழி. இதைத் தவிர உன்னிடம் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

தவமலர்



பதுளை.
09.02.2025

அக்கா,

உனக்குப் புரியவில்லை. புரியும் என்று நினைத்தேன்.

அந்தக் கையை வரையச் சொன்னது குழு. அந்த முகத்தை வைத்தது நான். அவர்கள் தினமும் வேலைக்கு வரும்போது மச்சான் முகத்தில் முழிக்க வேண்டும். அதுதான் என் எண்ணம். மாலை போட்டு உன் காம்பரா மூலையில் மாட்டி வைத்தால் யார் பார்க்கிறார்கள்? இங்கே ரோட்டில் போகிற பஸ் எல்லாம் பார்க்கும். பிடித்துக்கொண்டு போனவர்களும் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு ஒருவனுக்காவது உறைக்காதா?

உனக்குச் சிரிப்பு வருகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். குழுவுக்கு அந்த முகத்தைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. "மற்றதெல்லாம் பொம்மை, இதுதான் நிஜ மனிதன்" என்று ஆலோசகர் அரைமணி நேரம் பேசினார். அழைப்பிதழிலும் அந்த முகத்தைத்தான் அச்சடித்திருக்கிறார்கள். ஓஐசி பக்கத்தில் நின்று போன் படம் எடுத்துக்கொண்டார். மச்சானைப் பிடித்த நேரம் அந்த ஸ்டேஷனில் இருந்தவர்தான் அவர். அடையாளமே தெரியவில்லை அக்கா, சத்தியமாகத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டு, "நல்ல ஆள் மாதிரி இருக்கு" என்றார்.

திறப்புவிழா இருபத்துநாலாம் திகதி. நான் கண்ணைக் கடைசிக்கு விட்டதை யாரோ ஆலோசகரிடம் சொல்லிவிட்டார்கள். பாரம்பரியம் என்று துள்ளிக் குதித்துவிட்டார். இப்போது பெரிய ஆட்கள் முன்னால் மேடை போட்டு நான் கண் திறக்க வேண்டுமாம். பசுவும் கன்றும் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். பெரியாயியிடம்தான் கேட்டிருக்கிறார்கள். வெள்ளை முழிப் படத்துக்குக் கீழே காவலுக்கு நிற்க ஒரு கான்ஸ்டபிளும் ஒத்துக்கொள்ளாததால் ஓஐசிக்கும் அவசரம். ஊரையே பயமுறுத்துகிறவர்களுக்குச் சுண்ணாம்புக்குப் பயம்.

இதைக் கேள். பசு நிற்கட்டும், கண்ணாடி பிடிக்கட்டும். மச்சானுக்குக் கண் வைக்கும்போது அவருக்கு நேரே நீ நில். முதலில் அவர் உன்னைப் பார்க்கட்டும். தாலி அறுத்தவள் எதிரில் நிற்கலாமா என்று யாராவது வாய் திறந்தால், அறுத்தது யாரென்று அத்தனை பேர் முன்னாலும் மைக்கில் கேட்கிறேன். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இத்தனை நாள் சாரத்தில் நின்றேன் என்று வைத்துக்கொள்.

நீ வருகிறாயா?

ஜெயரூபன்



வெள்ளைக்கல் தோட்டம்.
14.02.2025

ஜெயரூபனுக்கு,

உன் கடிதத்தை இன்றைக்குக் காலையில் பெரட்டில் வைத்துத்தான் கணக்கப்பிள்ளை கொடுத்தார். "தம்பி பெரிய ஆளாயிட்டான் போல, பொலிஸே கூப்பிட்டு வேல குடுக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவுக்குப் போய், தொட்டிலை ஆட்டிக்கொண்டே படித்தேன். படித்து முடித்ததும் ஒரு பிள்ளை அழுதது. அதற்காவது விஷயம் புரிந்திருக்கிறது.

அவர்கள் பார்க்க வேண்டும், பார்த்தால் உறைக்கும் என்கிறாய். அன்றைக்கு அவர்களுக்குக் கண் இல்லாமலா இருந்தது? ஆளுக்கு இரண்டு இருந்தது. அவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கேட்டில் நின்ற என்னையும் பார்த்தார்கள், பார்சலையும் பார்த்தார்கள். அடித்த முகமே நினைவில்லாத ஓஐசிக்கு நீ வரைந்த முகம் உறைக்குமா? பக்கத்தில் நின்று படம் எடுத்தாராம், அதை எனக்குச் சிரிப்பு வரும் என்று எழுதியிருக்கிறாய்.

அடிபட்டவனுக்கே தெரியாத அடி என்ன அடி? நீ பழிவாங்கியது உனக்கும் எனக்கும்தான் தெரியும். அவர்களுக்கு அது சுவரில் ஓர் அழகான கூலிக்காரன். நாளைக்கு வேறு யாரையாவது பிடித்துக்கொண்டு வந்து உள்ளே போட்டு, அவன் பெண்டாட்டி கேட்டில் நின்று அழும்போது அந்தச் சுவரைக் காட்டுவார்கள். பார், உங்கள் ஆட்களோடு நாங்கள் எவ்வளவு ஒற்றுமை என்பார்கள். அதற்கு என் புருஷன் சாட்சி.

மைக்கில் கேட்பாயாம். 'எந்த மலையில் நடந்தது' என்ற கேள்வியைத் தாண்டி ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. தராசையே கேட்காதவன் தாலியைக் கேட்கப் போகிறான்.

நான் வரமாட்டேன். அவர் என்னைப் பார்க்க ஆசைப்பட்டால் பொலிஸ் சுவரிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்று தலையெழுத்தா? இந்த வீட்டில் அவருக்கு ஒரு மூலை இருக்கிறது, விளக்கு இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது ஜெயரூபா. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. கொஞ்ச நாளாகச் சோறு வடிக்கும்போதெல்லாம் அவர் அங்கே நிற்கிறார் என்றே தோன்றுகிறது. இன்னும் கண் வைக்கவில்லை, இன்னும் கண் வைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீ என்னிடம் வளர்ந்தவன். உனக்குச் சோறு ஊட்டின கையால் கேட்கிறேன். அவரை அங்கேயிருந்து எடுத்துவிடு.

அக்கா



பதுளை.
23.02.2025

அக்கா,

இதைப் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். தபால் தாமதமாகும்.

உன் கடிதம் வந்த மறுநாளே ஓஐசியிடம் போய், அந்த ஆளின் முகத்தை மாற்ற வேண்டும் என்றேன். காரணம் கேட்டார். சொன்னேன் அக்கா. உர மூட்டையைச் சொன்னேன், நல்லையா என்ற பேரையும் சொன்னேன். அவர், "அப்ப இன்னும் நல்லதுதானே. குடும்பத்துக்குக் கௌரவம்" என்றார். திட்டியிருந்தாலும் பரவாயில்லை. உண்மையிலேயே நமக்கு ஏதோ உபகாரம் செய்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். குழு ஒப்புதல் கொடுத்த படம், அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, ஒரு முடியைக்கூட மாற்றக்கூடாது என்று பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிளையும் போட்டார்.

நீ எழுதினது அப்போதுதான் மண்டையில் ஏறியது. இவர்களுக்கு உறைக்காது. காறித் துப்பினால் மழை என்று துடைத்துக்கொள்கிற ஜாதி.

நேற்று கடைசிப் பூச்சு என்று சொல்லிச் சாரத்தில் ஏறினேன். காவலுக்குப் போட்ட கான்ஸ்டபிள் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தை அழித்து வேறு முகம் வரைந்தால் நாளைக்கு அதற்கும் எவனாவது கண் வைத்துவிடுவான். வெள்ளை அடித்தாலும் அதன்மேல் வரைவார்கள். அதனால் மீசையை மூடினேன், நெற்றியை மூடினேன், முகம் முழுவதையும் தலைமுடியாக்கினேன். பின்னங்கழுத்தை வரைந்தேன். பொத்தான்களை மறைத்துச் சட்டையை முதுகாக்கினேன். மச்சான் இப்போது ரோட்டுக்கும் முகம் காட்டவில்லை, அவர்களுக்கும் காட்டவில்லை. சுவருக்குள்ளே பார்த்துக்கொண்டு போகிற மாதிரி நிற்கிறார். தோளில் கை போட்டவன் முதுகைப் பார்த்துப் பல்லிளிக்கிறான்.

முதுகுக்குக் கண் கிடையாது. யாராலும் திறக்க முடியாது.

மற்றவர்களுக்கு நான் கண் வைக்கவில்லை. வெள்ளை முழியோடு அப்படியே விட்டுவிட்டு, பிரஷைக் கழுவி, என் பேரையும் அழித்துவிட்டு இறங்கினேன். "முடிஞ்சா?" என்று கான்ஸ்டபிள் கேட்டான். "முடிஞ்சி" என்றேன். விடிந்தால் விழா, நான் போகமாட்டேன். காலையிலிருந்து போன் அடிக்கிறது. நீ எனக்குச் செய்தது போல நானும் மறித்துவிட்டேன். படத்தைத் திருத்தித் தரச் சொல்லி ஷிபான் கடைக்கும் ஆள் வந்ததாம். "எனக்கு நம்பர் மட்டுந்தான் எழுதத் தெரியும், வேணுமெண்டா எல்லாருக்கும் நெத்தியில நம்பர் போட்டுத் தாரேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டானாம்.

இனி இந்த மாகாணத்தில் அரசாங்கச் சுவர் ஒன்றும் எனக்குக் கிடைக்காது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நேற்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜெயரூபன்



வெள்ளைக்கல் தோட்டம்.
02.03.2025

தம்பி ஜெயரூபனுக்கு,

விழாவுக்குப் போய்வந்தது பெரியாயியும் அவளுடைய பசுவும்தான். அவள் வாயால் கேட்க வேண்டும், எழுதினால் பாதிதான் வரும். பசுவுக்கும் கன்றுக்கும் மாலை போட்டு டைல்ஸ் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். மேளம் அடித்திருக்கிறார்கள். திரையை விலக்கினால் ஒருத்தருக்கும் கண் இல்லை, கண் வைக்க ஆளும் இல்லை. ஆலோசகர் உன் பேரை மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாராம். "மேளச் சத்தத்துக்கு மாடு பயந்துபோயி டைல்ஸ் பூரா சாணி போட்டுருச்சி. தொடைக்க ஓடி வந்தவன் வழுக்கி விழுந்தான். நா வாயப் பொத்திக்கிட்டு நின்னேன்" என்றாள். முதலில் நல்லதைப் பார்க்க வேண்டும் என்றார்களே, பார்த்திருக்கும், கண் இருந்திருந்தால்.

அப்புறம் ரோட்டில் வெள்ளைக் கோடு போடுகிற கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுக் கண் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் நான் மறுநாள் போனேன். தம்பி, அத்தனை பேருக்கும் மாறுகண். குடை பிடித்தவள் குடைக்கம்பியைப் பார்க்கிறாள். தராசுக்காரர் தன் மூக்கைப் பார்க்கிறார். கை போட்டுச் சிரிக்கிறானே, அவனுக்கு ஒரு கண் பஸ் ஸ்டாண்டில், ஒரு கண் வானத்தில். புறாவுக்கும் வைத்திருக்கிறார்கள், அதுவும் அப்படித்தான். பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாம் ஜன்னலால் தலையை நீட்டிச் சிரிக்கிறார்கள். இந்த மூன்று வருஷத்தில் நான் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். பழக்கடைக்காரி என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பாள்.

அப்புறம் அவரைப் பார்த்தேன்.

நீ நன்றாக வரைந்திருக்கிறாய் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீ வரைந்தது அவர்தான். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து மலைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் அவர் முன்னால் போவார், நான் பின்னால் போவேன். முகத்தைவிட அந்தக் கழுத்தும் அந்தத் தோளும்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து வரும்போது என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாரே, அது வெட்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சுவரில் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. இந்த மூஞ்சிகளைப் பார்த்தது போதும் என்று போகிற மனுஷனின் நடை அது.

கேட்டுக்குப் போனேன். வேறு ஒருவன் நின்றான், சின்னப் பையன். தமிழில், "படம் பாக்கவா அம்மா? போங்க போங்க, எல்லாரும் வந்து பாக்குறாங்க" என்று வழி விட்டான். இரண்டு நாள் நின்றும் திறக்காத கேட், ஒரு மாறுகண் படத்துக்காகத் திறந்தது. உள்ளே நடந்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஓஐசி இருந்தார். என்னைப் பார்த்தார். யாரென்று தெரியவில்லை. தெரிய வேண்டாம்.

அவருக்குக் கீழே, சுவரோரமாக உட்கார்ந்தேன். பையில் பார்சல் கொண்டு போயிருந்தேன். சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு. அவித்துக் கட்டும்போது எதற்கென்று எனக்கே தெரியாது, அவர் காலடியில் வைத்துவிட்டு வரலாம் என்று ஒரு நினைப்பு. அங்கே உட்கார்ந்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. இந்த இடத்தில் அவருக்குச் சோறு வைக்க நான் யார், அவர்தான் போய்விட்டாரே. அவிழ்த்து வைத்து நானே சாப்பிட்டேன். கருவாட்டு வாசம் டைல்ஸ் பூராவும் பரவியிருக்கும். இரண்டு கான்ஸ்டபிள்கள் எட்டிப் பார்த்தார்கள். "இங்க சாப்பிடக்கூடாது" என்று ஒருவன் சொன்னான். "வெளியில நில்லு" என்றேன். அவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டேன். எழுந்து கை கழுவிவிட்டு வந்தேன், நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

உன் நம்பரைத் திறந்துவிடச் சொல்லி விதுஷாவிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் நீயே வந்துவிடு. பிள்ளைக் காம்பராச் சுவர் சும்மா கிடக்கிறது, கிளியோ மாடோ எதையாவது வரைந்து கொடு. கண்ணை மட்டும் கடைசிக்கு விடாதே, பிள்ளைகள் பயப்படும்.

அக்கா,
தவமலர்